ஒரு பலகை இறங்கியது, ஒரு பலகை ஏறியது

2013 ஜூன் 30, நள்ளிரவு. குரோவேஷியாவிலிருந்து ஸ்லோவேனியாவுக்குப் போகும் வழியில், பிரெகானா எல்லைச் சாவடியில், ‘சுங்கம்’ என்று எழுதியிருந்த பலகையைக் கழற்றி இறக்கினார்கள். அதே இரவில் நாட்டின் மறுகோடியில், செர்பியாவைப் பார்த்து நிற்கும் பயாகோவோ சாவடியில், பன்னிரண்டு நட்சத்திரங்கள் போட்ட நீலப் பலகை ஒன்று ஏறியது. தலைநகர் ஸாக்ரெபின் சதுக்கத்தில் வாணவேடிக்கை. சுமார் 42 லட்சம் மக்கள் வாழும் குரோவேஷியா, ஐரோப்பிய ஒன்றியத்தின் 28ஆவது உறுப்பு நாடாகிவிட்டது.

அந்த இரவுக்காக அந்த நாடு பத்தாண்டு உழைத்திருந்தது. 2003-ல் விண்ணப்பம். 2005-ல் பேச்சுவார்த்தை தொடங்கியது. மீன்பிடி முதல் நீதித்துறை வரை 35 அத்தியாயங்கள். ஒவ்வொன்றிலும் உள்நாட்டுச் சட்டத்தை ஒன்றியத்தின் சட்டத்தோடு பொருத்திக் காட்ட வேண்டும். நடுவில் பீரான் விரிகுடாவின் கடல் எல்லை யாருக்கு என்ற தகராறில், ஏற்கெனவே உறுப்பினராக இருந்த ஸ்லோவேனியா பல மாதங்கள் பேச்சை முடக்கிப் போட்டது. ஒருவழியாக 2011 ஜூனில் பேச்சு முடிந்தது. 2012 ஜனவரியில் மக்களிடம் கேட்டபோது, வாக்களித்தவர்களில் 66 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள். வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாக்குச்சாவடிக்கே வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு நாடு பொருளாதாரக் கூட்டமைப்பில் சேர்வதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் கதை இங்கேதான் தொடங்குகிறது. தனிக்குடித்தனம் நடத்தியவர்கள் கூட்டுக் குடும்பத்துக்குள் வருவதைப் போன்றது இது. அடுப்பு பொது, வரவு செலவு பொது, வாசற்கதவைத் திறப்பதும் சாத்துவதும்கூடப் பொது. அதுவரை அரசின் கையிலிருந்த சாவிகள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. எந்தச் சாவி போகிறது, அதற்குப் பதில் என்ன வருகிறது, இடைப்பட்ட காலத்தில் யார் வெயிலில் நிற்கிறார்கள் என்பதைப் பார்க்கக் குரோவேஷியாவின் அனுபவம் நல்ல கண்ணாடி.

முதலில் கைமாறியது சுங்கச் சாவி. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சுங்க ஒன்றியமும்கூட. உள்ளே இருக்கிறவர்களுக்கு நடுவில் தீர்வை கிடையாது. வெளியே இருப்பவர்களிடம் எல்லோரும் ஒரே தீர்வை வசூலிக்க வேண்டும். அதனால் எந்த உறுப்பு நாடும் பக்கத்து நாட்டோடு தனியாக வணிக ஒப்பந்தம் வைத்துக்கொள்ள முடியாது. குரோவேஷியாவோ அதுவரை போஸ்னியா, செர்பியா போன்ற அண்டை நாடுகளோடு ‘செஃப்டா’ என்ற தாராள வணிக ஒப்பந்தத்தில் இருந்தது. யூகோஸ்லாவியா காலத்திலிருந்தே ஒரே கடைத்தெருவாக இருந்த ஊர்கள் அவை. குரோவேஷிய பிஸ்கட்டும் மிட்டாயும் சிகரெட்டும் போஸ்னியக் கடைகளில் உள்ளூர்ச் சரக்குபோல விற்றன. 2013 ஜூலை 1 அன்று அந்த ஒப்பந்தத்திலிருந்து குரோவேஷியா வெளியேறியது. சுமார் ஐம்பது கோடிப் பேரின் சந்தை திறந்த அதே நாளில், பழகிய சந்தையில் சில சரக்குகளுக்குத் தீர்வை முளைத்தது.

எதிர்த் திசையில் இதைவிடக் கடுமை. போஸ்னியாவின் பால் குரோவேஷியாவுக்குள் வந்துகொண்டிருந்தது. இப்போது அது ஒன்றியத்துக்குள் நுழையும் பால். ஒன்றியத்தின் சுகாதாரத் தரத்துக்கு ஈடாகச் சான்று வேண்டும். போஸ்னியாவின் ஆட்சி அமைப்பு பல துண்டுகளாகப் பிரிந்து கிடப்பது. நாடு முழுவதற்கும் ஒரே வேளாண் அமைச்சகம்கூட இல்லாத இடத்தில் சான்று கொடுக்கும் ஏற்பாடு காலத்தில் முடியவில்லை. பால் ஏற்றுமதி நின்றது. இறைச்சி, காய்கறி லாரிகளும் இனி எந்த வழியாக வேண்டுமானாலும் வர முடியாது. பரிசோதனை வசதியுள்ள விரல்விட்டு எண்ணக்கூடிய சாவடிகளில்தான் வர வேண்டும். இரு நாடுகளுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டர் எல்லை இருந்தும், பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிற சரக்கு சுற்றிப் போக வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போட்டது ஒரு நாடு. கறந்த பாலை என்ன செய்வதென்று தவித்தது இன்னொரு நாட்டு விவசாயி.

இது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய சங்கடம் அன்று. மத்திய ஆசியாவின் கிர்கிஸ்தான் 2015 ஆகஸ்டில் ரஷ்யா தலைமையிலான யுரேஷியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்தது. அதன் தலைநகர் பிஷ்கெக்கின் ஓரத்தில் தோர்தோய் என்றொரு பிரம்மாண்டமான சந்தை. கப்பல் கண்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்காக வைத்து, கீழே கடை, மேலே கிடங்கு என்று நடத்துகிறார்கள். குறைந்த தீர்வையில் சீனத் துணியையும் செருப்பையும் இறக்கி, கஸாக்ஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் அனுப்புவதுதான் அங்கே தொழில். ஒன்றியத்தில் சேர்ந்ததும் தீர்வை உயர்ந்தது, அந்த வியாபாரத்தின் முதுகெலும்பில் அடி விழுந்தது. அதே சமயம் ரஷ்யாவில் கூலி வேலை செய்யும் லட்சக்கணக்கான கிர்கிஸ் தொழிலாளர்களுக்கு, மாதாமாதம் பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கும் தொல்லை ஒழிந்தது. ஒரே வீட்டில் அண்ணன் கடையை இழந்திருப்பான், தம்பிக்கு மாஸ்கோவில் நிம்மதி கிடைத்திருக்கும். இந்தக் கணக்கை நாட்டின் சராசரியில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

குரோவேஷியாவுக்குத் திரும்புவோம். அடுத்துப் போனது மானியச் சாவி. அட்ரியாட்டிக் கடலோரத்தில் கப்பல் கட்டுவது அந்த நாட்டின் பெருமைக்குரிய தொழில். கிரால்யெவிட்ஸாவின் கப்பல் கட்டும் தளம் 1729-ல் தொடங்கியது. பிற்காலத்தில் யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோ, இளம் தொழிலாளியாக 1920-களில் அங்கே வேலை பார்த்தவர். ரியெகா, ஸ்பிளிட், ட்ரோகிர், பூலா என்று வரிசையாகத் தளங்கள். ஆசிய நாடுகளின் போட்டியில் அவை பல ஆண்டுகளாக நட்டத்தில் ஓடின. அரசு மானியத்தாலும் கடன் உத்தரவாதத்தாலும் தாங்கிப் பிடித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் சோறு அது.

ஒன்றியத்தின் விதி வேறு மாதிரி. ஒரு நாட்டு அரசு தன் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தால், மற்ற நாட்டு நிறுவனத்தின் பிழைப்பில் கைவைத்ததாகிவிடும். ஆகவே சேர்வதற்கு முன்பே தளங்களைச் சீரமைத்துத் தனியாரிடம் விற்க வேண்டும், உற்பத்தித் திறனைக் குறைக்க வேண்டும் என்பது நிபந்தனை. முன்னூறு ஆண்டைத் தொட இருந்த கிரால்யெவிட்ஸா 2012-ல் திவாலாகி மூடியது. ஸ்பிளிட்டும் ட்ரோகிரும் தனியார் கைக்குப் போயின. ரியெகாவின் ‘மே 3’ தளத்தைப் பூலாவின் உல்யானிக் நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

உல்யானிக் 1856-ல் ஆஸ்திரியப் பேரரசின் கடற்படைக்காக எழுந்த தளம். 2014 முதல் அதன் ராட்சத கிரேன்களுக்கு இரவில் வண்ண விளக்கு போடுகிறார்கள். ரோமானியர் கட்டிய அரங்கத்தைப் பார்க்கப் பூலாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், இருட்டியதும் கடற்கரையில் நின்று அந்த விளக்குகளையும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2018 ஆகஸ்டில் கூலி வராத தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தலைநகருக்கே போய் ஊர்வலம் நடத்தினார்கள். 2019 மே மாதம் நிறுவனம் திவாலானது. கிரேன்களின் விளக்குகள் அதற்குப் பிறகும் எரிந்தன. உல்யானிக் வீழ்ந்ததற்கு ஒன்றியத்தின் விதி ஒன்றையே காரணம் சொல்வது நியாயமாகாது. நிர்வாகக் குறைகளும் சந்தைச் சரிவும் சேர்ந்தே அதைக் கவிழ்த்தன. ஆனால் பழைய காலமாக இருந்தால் அரசு இன்னொரு முறை கைகொடுத்திருக்கும். இந்த முறை கைகொடுக்க ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸின் அனுமதி வேண்டியிருந்தது. ஏற்கெனவே கொடுத்திருந்த உத்தரவாதங்களுக்காகப் அப்போதைய நாணயமான குனாவில் பல நூறு கோடியை அரசுதான் கட்டியது.

பெரிய தொழிலில் மட்டுமல்ல, சாப்பாட்டு மேசையிலும் விதி வந்து உட்காரும். டால்மேஷியக் கடலோரத்தில் திராட்சையை உலர்த்தி ‘ப்ரோஷெக்’ என்ற இனிப்பு ஒயினை வழிவழியாகச் செய்கிறார்கள். இத்தாலியின் ‘ப்ரொசெக்கோ’ நுரைக்கும் ஒயின். சுவையிலும் செய்முறையிலும் ஒட்டுறவே கிடையாது. ஆனால் பெயர் ஒலியில் நெருங்கி நிற்கிறது, ப்ரொசெக்கோ என்ற பெயருக்கு ஒன்றியத்தின் காப்பு இருக்கிறது. சேர்ந்த நாள் முதல் ப்ரோஷெக் என்று சீட்டு ஒட்டி விற்க முடியாமல் போயிற்று. 2021-ல் பெயரை மீட்கக் குரோவேஷியா முறையாகப் போராடத் தொடங்கியதும் இத்தாலி கடுமையாக எதிர்த்தது. பாட்டன் காலத்துப் பெயரைத் தன் வீட்டுப் புட்டியில் எழுத முடியாத ஒருவரிடம், ஒருங்கிணைந்த சந்தையின் நன்மையை விளக்குவது எளிதான வேலையா?

சட்டச் சாவி கைமாறிய விதம் இன்னும் கூர்மையானது. சேர்வதற்கு மூன்று நாள் முன்னதாக, நாடாளுமன்றம் அவசரமாக ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஒன்றியம் முழுதும் செல்லும் ஐரோப்பிய பிடியாணை, 2002 ஆகஸ்டுக்குப் பிறகு நடந்த குற்றங்களுக்கு மட்டுமே குரோவேஷியாவில் செல்லும் என்றது அது. யூகோஸ்லாவிய உளவுத்துறையில் பெரிய பதவியில் இருந்த யோசிப் பெர்கோவிச்சை, 1983-ல் ஜெர்மனியில் நடந்த ஒரு கொலை வழக்குக்காக அந்த நாடு தேடிக்கொண்டிருந்தது. அவரைக் காக்கவே இந்தத் திருத்தம் என்று ஊரே பேசியது, சட்டத்துக்கே அவர் பெயரை வைத்து அழைத்தது. தடை நடவடிக்கை வரும் என்று பிரஸ்ஸல்ஸ் எச்சரித்ததும் அரசு பின்வாங்கியது. 2014 ஜனவரியில் பெர்கோவிச் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார்; 2016-ல் மியூனிக் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. முப்பது ஆண்டுகளாக நீதி கிடைக்காத ஒரு கொலைக்குக் கணக்கு தீர்ந்தது இந்தச் சாவி கைமாறியதால்தான். இழப்பு என்று எண்ணுவதெல்லாம் இழப்பாக இருப்பதில்லை.

ஆனால் மக்கள் போனது இழப்புதான். சேர்ந்த நேரம் குரோவேஷியாவின் பொருளாதாரம் 2009-லிருந்து இடைவிடாமல் சுருங்கிக்கொண்டிருந்தது. வேலை செய்வோரும் தேடுவோரும் சேர்ந்த கணக்கில் ஆறில் ஒருவருக்கு வேலை இல்லை. சேர்ந்த ஆறே மாதத்தில், 2014 ஜனவரியில், பற்றாக்குறை வரம்பு மீறியது என்று ஒன்றியம் அரசைக் கண்காணிப்பில் வைத்தது, 2017-ல்தான் விடுவித்தது. செலவு செய்து வேலை உருவாக்கவும் வழியில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வேலை தேடிப் போகிறவர்களுக்கு அயர்லாந்தின் கதவு முதல் நாளே திறந்திருந்தது, ஜெர்மனியின் கதவு 2015 ஜூலையில் திறந்தது. ஆஸ்திரியா புதிய உறுப்பு நாட்டுத் தொழிலாளர்களைத் தடுத்து வைக்க அனுமதிக்கப்பட்ட ஏழு ஆண்டையும் எடுத்துக்கொண்டு 2020 வரை சாத்தியே வைத்தது.

கிழக்கே ஸ்லாவோனியா, சோளமும் கோதுமையும் விளையும் சமவெளி. 1991 போரில் தரைமட்டமான வுகோவர் நகரம் அங்கேதான் இருக்கிறது. போரில் போனவர்கள் பலர் திரும்பி வந்து வீடு கட்டினார்கள். ஒன்றியத்தின் கதவு திறந்ததும் அவர்களுடைய பிள்ளைகள் கிளம்பினார்கள். முதலில் மகன் போவான், வாடகை வீடு பிடித்ததும் மனைவியும் பிள்ளைகளும் போவார்கள். தெருவில் ஜன்னல் மூடிய வீடு ஒன்று கூடும். 2011 கணக்கெடுப்புக்கும் 2021 கணக்கெடுப்புக்கும் நடுவில் வுகோவர்-ஸ்ரியெம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நாடு முழுவதிலும் 42.8 லட்சம், 38.7 லட்சமானது. பிறப்பு குறைந்ததும் இதில் சேர்த்திதான் என்றாலும், கிளம்பிப் போனவர்களின் பங்கு பெரிது. குரோவேஷியாவுக்கு முன்னால் சேர்ந்த லாத்வியாவும் இதையே கண்டது: 2000-ல் 23.8 லட்சம் பேர் இருந்த நாட்டில் 2011-ல் 20.7 லட்சம் பேர்.

தீர்வையை மாற்றலாம், சட்டத்தைத் திருத்தலாம். போன மனிதர்களைத் திருப்பி அழைப்பதற்கு எந்த அமைச்சகத்திடமும் ஆயத்தமான வழி இருக்கவில்லை. அரசு முயன்றுதான் பார்த்தது. 25 வயது வரை உள்ளவர்களின் சம்பளத்துக்கு வருமான வரி விலக்கு. திரும்பி வந்து தொழில் தொடங்கினால் 2 லட்சம் குனா வரை உதவி. 2025 முதல், திரும்பி வருபவர்களுக்கு ஐந்தாண்டு வரிச் சலுகை. இதற்கிடையே காலியான இடங்களை வேறு கைகள் நிரப்பின. 2024-ல் அந்த நாடு வெளிநாட்டினருக்குக் கொடுத்த வேலை அனுமதிகள் 2 லட்சத்தைத் தாண்டின. போஸ்னியாவிலிருந்தும் செர்பியாவிலிருந்தும் வந்தவர்களோடு நேபாளிகள், இந்தியர், பிலிப்பைன்ஸ்காரர்கள். ஸாக்ரெபில் மதியச் சாப்பாட்டை மிதிவண்டியில் கொண்டுவந்து கொடுப்பவர் காத்மாண்டுக்காரராக இருக்கிறார். சாரம் கட்டிப் பூச்சு வேலை செய்பவர் இந்தியராக இருக்கலாம். தன் பிள்ளைகளை அனுப்பிய சமூகம், இன்னொரு நாட்டின் பிள்ளைகளை எப்படி நடத்துகிறது என்பது அங்கே இப்போது அன்றாடக் கேள்வி.

வந்தது என்ன என்று கேட்டால், பெல்யேஷாட்ஸ் பாலத்தைக் காட்டலாம். குரோவேஷியாவின் கடற்கரை ஓரிடத்தில் அறுந்து, நேயும் என்ற சிறு போஸ்னியத் துண்டு குறுக்கே வந்து, மறுபடி தொடரும். 1699-ல் டுப்ரோவ்னிக் குடியரசு, வெனிஸ் படை தரைவழியாகத் தன்மேல் பாயக் கூடாதென்று ஒரு துண்டு நிலத்தை ஒட்டோமன் பேரரசுக்கு விட்டுக்கொடுத்ததன் மிச்சம் அது. அதனால் ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகிற குரோவேஷியர், தன் நாட்டிலிருந்து தன் நாட்டுக்கே இரண்டு முறை எல்லைச் சோதனை தாண்டிப் போனார். கோடையில் மணிக்கணக்கில் வண்டிகள் நின்றன. சொந்தப் பணத்தில் தொடங்கிய பாலத்தை 2012-ல் காசில்லாமல் கைவிட்டார்கள். 2017-ல் ஒன்றியம் 35.7 கோடி யூரோ ஒதுக்கியது, சீன நிறுவனம் ஒன்று ஒப்பந்தப்புள்ளியில் வென்று கட்டியது, 2022 ஜூலை 26 அன்று 2.4 கிலோமீட்டர் பாலம் திறந்தது. அன்று டுப்ரோவ்னிக் மக்கள் அடைந்த மகிழ்ச்சி முழுக்க நியாயமானது.

ஆனால் ஒன்றியத்தின் பணம் மணியார்டரில் வருவதில்லை. திட்டம் எழுத ஆள் வேண்டும், நிலம் எடுத்து முடித்திருக்க வேண்டும், சொந்தப் பங்கைப் போட வேண்டும், ஒவ்வொரு ரசீதும் தணிக்கையில் நிற்க வேண்டும். 2007-ல் சேர்ந்த பல்கேரியா இதில் தவறி, அடுத்த ஆண்டே 22 கோடி யூரோவை நிரந்தரமாக இழந்தது. புதிதாகச் சேரும் நாட்டில் பணத்துக்கு இருக்கும் தட்டுப்பாட்டைவிட, அந்தப் பணத்தை ஒழுங்காக வாங்கிச் செலவிடத் தெரிந்த அலுவலர்களுக்கு இருக்கும் தட்டுப்பாடு பெரிது. அந்த அலுவலர்களில் திறமைசாலிகளுக்கும் பிரஸ்ஸல்ஸில் நல்ல சம்பளத்தில் வேலை காத்திருக்கிறது.

கடைசியாகப் போனது நாணயச் சாவி. ‘குனா’ என்றால் மரநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு விலங்கு. இடைக்காலத்தில் அதன் தோலை வரியாகக் கட்டியதால் நாணயத்துக்கு அந்தப் பெயர். 2023 ஜனவரி 1 அன்று 7.5345 குனாவுக்கு ஒரு யூரோ என்ற கணக்கில் அது விடைபெற்றது. குரோவேஷியா வார்த்த ஒரு யூரோ காசில் அந்த விலங்கு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. யூரோவின் வாசலில் ஒரு நூலிழைகூடக் கணக்கில் வரும். 2006-ல் யூரோவுக்கு விண்ணப்பித்த லிதுவேனியாவின் பணவீக்கம் 2.7 சதவீதம், அனுமதித்த வரம்பு 2.6. அந்த 0.1-க்காகத் திருப்பி அனுப்பப்பட்ட நாடு உள்ளே நுழைந்தது 2015-ல்.

குரோவேஷிய மக்களின் வீட்டுக்கடனில் கணிசமான பகுதி முன்பிருந்தே யூரோவில்தான் இருந்தது. அதனால் மாற்றம் அவர்களுக்கு ஒருவகையில் பாதுகாப்பு. சுவிஸ் ஃபிராங்கில் கடன் வாங்கி, 2015 ஜனவரியில் ஃபிராங்க் ஒரே நாளில் எகிறியதில் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் இதன் அருமை புரியும். ஆனாலும் கடைவீதியில் பேச்சு வேறு. விலைகளை 2022 செப்டம்பர் முதலே இரண்டு நாணயத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்று அரசு கட்டளையிட்டிருந்தது. அப்படியும் புத்தாண்டு முடிந்ததும் காபி, ரொட்டி, முடிவெட்டு எல்லாம் ஏறிவிட்டதாகக் குமுறல். டிசம்பர் விலைக்குத் திரும்புங்கள் என்று வணிகர்களை அரசு எச்சரித்தது. 2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை, நாடு முழுவதும் மக்கள் பல்பொருள் அங்காடிகளுக்குப் போகாமல் புறக்கணித்தார்கள். அந்த அலை அண்டை நாடுகளுக்கும் பரவியது. அடுத்த சில நாட்களில் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலை அரசு 30 பொருள்களிலிருந்து 70 பொருள்களாக நீட்டியது. வட்டி விகிதம் இப்போது ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டில் தீர்மானமாகிறது. ஸாக்ரெபின் கையில் மிஞ்சியிருப்பது வரியும் இந்தப் பட்டியலும்தான்.

அடுத்து வாசலில் நிற்பது பக்கத்து நாடான மாண்டினீக்ரோ. ஆறு லட்சத்துக்குச் சற்றே மேற்பட்ட மக்கள். 2012-ல் பேச்சுவார்த்தையைத் தொடங்கி, 2028-க்குள் சேர்ந்துவிட வேண்டும் என்று வேகமாக நடக்கிறார்கள். 2024 டிசம்பரில் ஓர் அத்தியாயத்தை முடிக்கப் போகும் நேரத்தில் தடை வந்தது. தடுத்தது குரோவேஷியா. போர்க்கால முகாமில் அடைபட்டிருந்தவர்களுக்கு இழப்பீடு, மாண்டினீக்ரோவின் கோட்டோர் நகரில் ஒரு நீச்சல் குளத்தின் பெயர், ‘யாட்ரான்’ என்ற பழைய பாய்மரப் பயிற்சிக் கப்பல் யாருக்கு என்பது எல்லாம் தீர்ந்த பிறகே மேலே போகலாம் என்றது. 1930-களிலிருந்து அட்ரியாட்டிக்கில் மிதக்கும் அந்தக் கப்பல், யூகோஸ்லாவியா உடைந்தபோது மாண்டினீக்ரோவில் நின்றுவிட்டது. பீரான் விரிகுடாவுக்காக ஸ்லோவேனியா தன்னை வெளியே நிறுத்தி வைத்த மாதங்களை ஸாக்ரெபில் இன்னும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.